மூன்று மஞ்சள் சீட்டு

கோட்டைக்குப்பம்
4-2-2024

அன்புள்ள மாரி அண்ணனுக்கு,

உன் தங்கச்சி தேவகி எழுதுவது. இங்கே நான், உன் மச்சான், வீட்டுப் பூனை எல்லாரும் நன்றாக இருக்கிறோம். என் வலது முட்டி மட்டும் எங்களோடு ஒத்துப்போகாமல் தனிக்குடித்தனம் நடத்துகிறது. உன் காது எப்படி? அந்தமானுக்குப் போய் இருபத்தைந்து வருஷம் படகு இன்ஜின் பக்கத்திலேயே உட்கார்ந்து அதைத் தொலைத்தாய். போனில் உனக்குக் கேட்கிற மாதிரி நான் கத்தினால், உனக்கு முன்னால் பழவேற்காடு பஸ் ஸ்டாண்டுக்கு விஷயம் போய்விடுகிறது. அதனால் கடிதாசியே மேல். எட்டாவது வரை படித்த திமிரை நான் வேறு எங்கே காட்டுவது?

விஷயம் என்னவென்றால், சுரேஷ் என்னைச் சிங்கப்பூருக்குக் கூப்பிட்டிருக்கிறான். அவன் அங்கே கப்பல் பட்டறைக்குப் போய் எட்டு வருஷம் ஆகிறது. இப்போதுதான் அம்மா ஞாபகம் வந்திருக்கிறது. மருமகள் திவ்யாவின் அம்மா கலைவாணி டீச்சரும் என்னோடு வருகிறார். பொன்னேரியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் எதிரில் நான் உட்கார்ந்தால் யாரோ எனக்கு மார்க் போடுகிற மாதிரியே இருக்கும்.

அங்கே ஒரு தீம் பார்க் இருக்கிறதாம். சுரேஷ் வீடியோ அனுப்பினான். தண்டவாளம் வானத்தில் சிக்கு விழுந்த வலை மாதிரி கிடக்கிறது. அதில் ஒரு வண்டி. ஜனங்கள் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு தலைகீழாகப் போகிறார்கள்.

என் வாய் சும்மா இருக்குமா? மறுநாள் ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் இறால் தடவிக்கொண்டு இருக்கும்போது, "நானும் அதுல ஏறப்போறேன்" என்று சொல்லிவிட்டேன். தோணிரேவு முனியம்மாள் நிமிர்ந்தாள். "நீ இன்னாத்த ஏறப்போற? கீழே உக்காந்து அவங்க பையைக் காவல் காத்துட்டு வருவே" என்றாள். பதினெட்டுப் பொம்பளைகள் சிரித்தார்கள். எனக்கு வந்ததே கோபம். "ஏறாம வந்தேன்னா ஒரு மாசம் உன் இறால் கூடையை நான் கரைக்குத் தூக்குறேன்டி" என்று சொல்லிவிட்டேன். அவள் கூடை எவ்வளவு கனம் என்று உனக்குத் தெரியாது.

அண்ணியை விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு, வாயால் கெடும் உன் தங்கை,
தேவகி


போர்ட் பிளேர்
26-2-2024

அன்புத் தங்கை தேவகிக்கு,

மாரி எழுதுகிறேன். நானும் உன் அண்ணியும் சுகம். என் காதுக்குள் அந்த இன்ஜின் இப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. டீசல் செலவு இல்லை என்பதால் நிறுத்தச் சொல்லவில்லை. உன் முட்டிக்குத் தைலம் தேய்.

நீ ஏறுவாய் என்று எனக்குத் தெரியும். ஏறாவிட்டாலும் ஏறினதாக எழுதுவாய் என்றும் தெரியும். எனக்கு மட்டும் உள்ளதை எழுது. நாலு தெரு தள்ளிப் போனாலே மூச்சு வாங்குகிறது. இனிமேல் நான் ஊர் சுற்றுவது உன் கடிதத்தில்தான்.

மச்சான் கூட வரவில்லையா?

அன்புடன்,
மாரி


கோட்டைக்குப்பம்
30-4-2024

அன்புள்ள அண்ணனுக்கு,

வெயிலில் வற்றிப்போன ஏரி மாதிரி இருக்கிறோம், மற்றபடி குறையில்லை. உங்கள் பக்கம் மழை உண்டா?

பாஸ்போர்ட் வந்துவிட்டது. போட்டோவில் நான் எதையோ திருடிப் பிடிபட்டவள் மாதிரி இருக்கிறேன். "சிரிக்கக் கூடாது"ன்னான் போட்டோக்காரன். ஐம்பத்து நாலு வருஷத்தில் என்னிடம் அப்படிச் சொன்னவன் அவன் ஒருத்தன்தான், அதனால் முகத்துக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை.

உன் மச்சான் வரவில்லை. ஜூனில் அவருக்குப் பாடு வருகிறது. நீ ஊரை விட்டே போனவன், மறந்திருப்பாய். யார், எந்த நாள், ஏரியில் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்தால் வைத்ததுதான். "என் முறையை விட்டுட்டு ராட்டினம் சுத்த வரச் சொல்றியா?" என்கிறார். இந்த மனுஷனுக்கு முறைதான் சாமி.

கலைவாணி டீச்சர் தினமும் போன் செய்து சட்டம் சொல்கிறார். விமானத்தில் சத்தமாகப் பேசக் கூடாது. கருவாடு கூடாது. கூடைப் பை கூடாது. சரி சரி என்றேன். ஒரு பாட்டில் இறால் தொக்கை மட்டும் பெட்டிக்குள் புடவையில் சுற்றி வைத்திருக்கிறேன். அதைப் பற்றி அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பறக்கப்போகும்,
தேவகி


சிங்கப்பூர்
28-5-2024

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். சுரேஷ், திவ்யா, டீச்சர் எல்லாரும் நலம். உங்கள் இருவர் நலத்தையும் எழுது.

ஞாயிற்றுக்கிழமை பார்க்குக்குப் போனோம். அங்கே பள்ளிக்கூட லீவாம். நம் மாரியம்மன் திருவிழாக் கூட்டத்தை நாலால் பெருக்கிக்கொள், அதில் ஒருத்தர் கூட இடிக்கவில்லை என்றும் வைத்துக்கொள். எதற்கெடுத்தாலும் வரிசை. தண்ணீர் குடிக்க, போட்டோ பிடிக்க, பொம்மைக்குக் கை கொடுக்க. பொம்மைக்குள் இருந்தவர் பாவம், அந்த வெயிலில் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

சுரேஷ் மூன்று மஞ்சள் சீட்டு வாங்கினான். அது இருந்தால் வரிசையில் நிற்க வேண்டாம், தனி வழி. நல்ல வசதி.

பெரிய வண்டி பிரமாதம். மெதுவாக ஏறும், உச்சியில் ஒரு நிமிஷம் யோசிக்கும், அப்புறம் விடும் பார், எல்லாரும் ஒரே குரலாகக் கத்துகிறார்கள். கால்கள் வரிசையாகத் தொங்குகின்றன. செருப்புகளின் அடிப்பாகம் கூடத் தெரிகிறது. ஒருத்தர் செருப்பில் விலைச்சீட்டைக் கிழிக்கவே இல்லை.

மூன்று மணிக்கு இடி மழை. பாதி விளையாட்டை மூடிவிட்டு, இன்னொரு நாள் வரச் சொல்லி எல்லாருக்கும் அனுமதிச் சீட்டுக் கொடுத்தார்கள். சுரேஷ் என் விசாவை நீட்டித்திருக்கிறான், ஜூலை வரை இருப்பேன்.

எல்லாம் ரொம்ப நன்றாக இருந்தது.

உன் தங்கை,
தேவகி


போர்ட் பிளேர்
10-6-2024

அன்புத் தங்கைக்கு,

இங்கே இருவரும் சுகம். மழை பிடித்துவிட்டது. அண்ணி உன் கடிதத்தை எனக்கு முன்பாகவே படித்துவிட்டுப் புருவத்தைத் தூக்கினாள். நான் படித்துவிட்டு இரண்டு புருவத்தையும் தூக்கினேன்.

போனது நாலு பேர். மஞ்சள் சீட்டு மூன்று. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனாலும் மீன் பங்கு போட்டவன்.

இன்னொன்று. வண்டியில் உட்கார்ந்தவளுக்கு மற்றவர்கள் செருப்பின் அடிப்பாகம் எப்படித் தெரியும்?

நீ வழக்கமாக நாலு பக்கம் எழுதுகிறவள். இந்த முறை ஒன்றரை.

அன்புடன்,
மாரி


சிங்கப்பூர்
25-6-2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். முட்டி கூட நலம், இங்கே எல்லாவற்றுக்கும் லிஃப்ட். நீயும் அண்ணியும் நலமாக இருக்க வேண்டும்.

உனக்கு ஒரு அதிசயம் சொல்கிறேன். இங்கே சாப்பாட்டுக் கடைகளில் காலியான மேஜையில் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டுச் சாப்பாடு வாங்கப் போய்விடுகிறார்கள். திரும்பி வரும்வரை அந்த மேஜையில் ஒருத்தரும் உட்காருவதில்லை! எவ்வளவு கூட்டமானாலும் தட்டை ஏந்திக்கொண்டு தள்ளிப் போகிறார்கள். நம் ஏரியில் பாடு வந்தவர் கழி நட்டுவிட்டு வீட்டுக்குப் போனால், கலெக்டரே வந்தாலும் அந்த இடத்தில் வலை கட்ட மாட்டார்களே, அதே மாதிரி. இந்த ஊர் ஜனங்களும் நம்ம ஆட்கள்தான் என்று எனக்குப் புரிந்துபோய்விட்டது. டீச்சரிடம் சொன்னேன். "ரெண்டும் ஒண்ணா, சம்பந்தி?" என்று கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். மார்க் குறைந்துவிட்டது.

நீ கேட்டிருந்த மற்ற விஷயங்களுக்கு இந்தத் தாளில் இடம் இல்லை.

உன் தங்கை,
தேவகி


போர்ட் பிளேர்
3-7-2024

தேவகி,

இருவரும் சுகம்.

இடம் இல்லை என்று எழுதிய தாளின் பின்பக்கம் முழுக்க வெள்ளையாக இருக்கிறது.

ஒரே கேள்வி. நீ உட்கார்ந்திருந்த பெஞ்சு மரமா, சிமென்ட்டா?

மாரி


சிங்கப்பூர்
14-7-2024

அன்புள்ள அண்ணனுக்கு,

சிமென்ட். முதுகு சாய இடம் இல்லாதது.

நலம் விசாரிப்பதை அப்புறம் வைத்துக்கொள்கிறேன், நீ கோபிக்காதே. அன்றைக்கு சுரேஷ், "அம்மா, உனக்கு இதெல்லாம் ஒத்துக்காது, தலை சுத்தும். பையைப் பாத்துக்க"ன்னான். சீட்டுக் கடையில் மூன்று விரலைக் காட்டினான். நாலாவது விரலை மடக்கினபோது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் "ஆமாப்பா, எனக்கெதுக்கு" என்றேன். அப்படிச் சொன்னது எனக்கே கேட்டது. ஐந்து மணி நேரம் நாலு பையோடு உட்கார்ந்து, வண்டி தலைக்கு மேலே போகிறபோதெல்லாம் செருப்புகளை எண்ணினேன். முனியம்மாள் சொன்னதை அப்படியே நிறைவேற்றிக்கொண்டிருந்தேன். இதை உனக்கு எப்படி எழுதுவேன்?

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. சனிக்கிழமை மறுபடி பார்க். மறுபடி மூன்று மஞ்சள் சீட்டு. மறுபடி அதே பெஞ்சு. "மத்ததெல்லாம் முடிச்சிட்டு, கடைசியா பெரிய வண்டி. ரெண்டு மணி நேரம் ஆகும், எங்கேயும் போயிடாதம்மா"ன்னான். டீச்சர், "என் கைப்பையை மட்டும் மடியிலேயே வச்சுக்குங்க சம்பந்தி" என்றார்.

பத்து நிமிஷம் உட்கார்ந்தேன். அதற்கு மேல் உன் ஒரு வரிக் கேள்வி உட்கார விடவில்லை. எதிரே சீருடையில் ஒரு ஆள் நின்றார், சட்டையில் ஆபிரகாம் என்று பேர். தமிழ் முகம்.

"தம்பி, மஞ்சள் சீட்டு இல்லாதவங்க அந்தப் பெரிய வண்டியில ஏறக் கூடாதா?"

"யாரும்மா அப்படிச் சொன்னது? உள்ள வர டிக்கெட் இருக்குல்ல? வரிசையில நின்னா ஏறலாம். ஆனா இப்ப நூத்திப் பத்து நிமிஷம் ஆகும்."

"அவ்வளவுதானா?" என்றேன். ஏரியில் மாசக்கணக்கில் முறைக்குக் காத்திருக்கிற குடும்பம், நூற்றிப் பத்து நிமிஷத்துக்கா அசரும்? நாலு பையையும் தோளில் மாட்டிக்கொண்டு போய் நின்றேன்.

எல்லாம் சரியாகத்தான் போனது, ஒரு மணி நேரம். அப்புறம் கழிவறைக்குப் போக வேண்டி வந்துவிட்டது. இந்த வயதில் அதற்கு முறை கிறை கிடையாது. நான் என்ன செய்தேன் தெரியுமா? என் பச்சைப் பையைத் தரையில் நட்டு வைத்தேன். பின்னால் மகளோடு நின்ற சீனப் பொம்பளையிடம், "இது என் பாடு, பாத்துக்கம்மா" என்று சுத்தத் தமிழில் சொல்லிவிட்டு ஓடினேன். டிஷ்யூ பாக்கெட்டை மதிக்கிற ஊர், பையை மதிக்காதா?

திரும்பி வந்தால் பை வைத்த இடத்தில் பை இல்லை. வரிசை இருபது அடி நகர்ந்திருந்தது, பையும் இருபது அடி நகர்ந்திருந்தது! அந்தப் பொம்பளை காலால் தள்ளித் தள்ளிக் கூடவே கொண்டுபோயிருக்கிறாள். ஆனால் இரண்டு காவலர்கள் பையைச் சுற்றி நிற்கிறார்கள். அவள் பையின் மேல் கையை வைத்துக்கொண்டு சீன மொழியில் சண்டை போடுகிறாள். ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் நம் மீன் மார்க்கெட்டில் அவளை விட்டால் இரண்டே நாளில் கடை பிடித்துவிடுவாள்.

ஆபிரகாம் ஓடி வந்தார். "அம்மா, இந்த ஊர்ல பையை விட்டுட்டுப் போனா வெடிகுண்டுனு நினைப்பாங்க!"

"மேஜையில டிஷ்யூ வச்சுட்டுப் போறாங்களே?"

"அது சாப்பாட்டுக் கடைம்மா! இது வேற!"

"எனக்கு எப்படிப்பா தெரியும்?"

பையைத் திறக்கச் சொன்னார்கள். திறந்தேன். மதியச் சோற்றுக்கு என்று எடுத்துப்போன இறால் தொக்கின் மூடி கொஞ்சம் தளர்ந்திருந்தது. காவலர் இருவரும் ஒரே நேரத்தில் ஒரு அடி பின்னால் போனார்கள், ஆபிரகாம் மட்டும் ஒரு அடி முன்னால் வந்தார். "தொக்காம்மா?" என்றார், குரலே மாறிப்போய். பாட்டில் இப்போது அவர் வீட்டில் இருக்கிறது. லஞ்சம் இல்லை, பாசம். இனி இப்படிச் செய்யக் கூடாது என்று சொல்லி, அந்தப் பொம்பளை சாட்சியோடு என்னை என் இடத்திலேயே நிற்க விட்டார்கள். பைகளை அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொடுத்ததும் ஆபிரகாம்தான். வாசலில் உயரம் அளக்கிற கோல் வேறு. நான் அதைவிட நாலு விரல் உயரம். நாலு விரலில் மானம் தப்பியது.

இப்போது கேள். மஞ்சள் வழியும் எங்கள் வழியும் கடைசியில் ஒரே வாசலில் வந்து சேருகின்றன. நாலு நாலு பேராக ஏற்றுகிறார்கள். மஞ்சள் வழியில் மூன்று பேர் வந்து நின்றார்கள். ஒரு இடம் காலி. ஏற்றி விடுகிற பெண் எங்கள் வரிசையைப் பார்த்து ஒரு விரலைக் காட்டினாள். வரிசையில் முதல் ஆள் நான்.

அந்த மூன்று பேர் யார் என்று உனக்குச் சொல்ல வேண்டுமா?

சுரேஷ் வாய் திறந்தபடி நின்றான். "அம்மா! நீ பெஞ்சுல இல்ல?"

"என் பாடு வந்துடுச்சுடா. நகரு."

"சம்பந்தி, என் கைப்பை?" என்றார் டீச்சர்.

"பூட்டி வச்சிருக்கேன் டீச்சர். மடியில வச்சுக்கிட்டுத் தலைகீழா போக முடியாதுல்ல?"

திவ்யா மட்டும் கை தட்டினாள். நல்ல பெண்.

அண்ணா, முன்னே எழுதினதை எல்லாம் கிழித்துப்போடு. மேலே போனால் செருப்பே தெரியாது. கடல்தான் தெரியும். நங்கூரம் போட்ட கப்பல்கள், நம் ஏரியில் நாரைகள் நிற்கிற மாதிரி நிற்கின்றன. அப்புறம் விட்டான். முகத்துவாரத்து அலையில் படகு விழுமே, அந்த விழுதல்தான். ஆனால் அந்த அலை எழுந்து, புரண்டு, உன்னையும் புரட்டி, மறுபடி புரட்டுகிறது. டீச்சர் என் மணிக்கட்டைப் பிடித்தார். முப்பத்தாறு வருஷம் பிள்ளைகளைக் "கத்தாதே" என்று அடக்கிய தொண்டை, "அய்யோ தேவகீ!" என்று கத்தியது. சம்பந்தி போய்விட்டது பார், பேர் வந்துவிட்டது. நான் கத்தியதை எழுத முடியாது. அண்ணி படிப்பாள்.

இறங்கும் இடத்தில் நம் படத்தை நமக்கே விற்கிறார்கள். சுரேஷ் கண்ணை இறுக்கி மூடியிருக்கிறான். டீச்சர் கொண்டை அவிழ்ந்து வானத்தைப் பார்க்கிறது. நான் இருக்கிற இருபத்தாறு பல்லும் தெரிய, பாஸ்போர்ட் போட்டோக்காரன் மூஞ்சியில் அடிக்கிற மாதிரி சிரிக்கிறேன்.

நான் நலம். ரொம்ப ரொம்ப நலம். நீங்களும் அப்படியே இருங்கள்.

ஏறிய,
தேவகி


போர்ட் பிளேர்
30-7-2024

அன்புத் தங்கை தேவகிக்கு,

ஊர் வந்து சேர்ந்திருப்பாய் என்று கோட்டைக்குப்பத்துக்கே எழுதுகிறேன். இங்கே சுகம். உன் கடிதத்தை அண்ணி என் காதருகே கத்திப் படித்தாள், அக்கம்பக்கத்தில் எட்டு வீட்டுக்கும் கேட்டது. எட்டு வீடும் உன்னை விசாரிக்கிறது. நீ என்ன கத்தினாய் என்று எனக்கு மட்டும் தனிச் சீட்டில் எழுது.

எல்லாம் எழுதினாய். இறங்கின பிறகு சுரேஷ் இன்னா சொன்னான் என்று மட்டும் எழுதவில்லை. இந்த முறை பின்பக்கம் காலி இல்லை, அதனால் சந்தேகப்படவில்லை. கேட்கிறேன், அவ்வளவுதான்.

அன்புடன்,
மாரி


கோட்டைக்குப்பம்
12-8-2024

அன்புள்ள அண்ணனுக்கு,

வீடு வந்து சேர்ந்து மூன்று வாரம். உன் மச்சான் ஒரு சுற்று இளைத்திருக்கிறார், பூனை ஒரு சுற்றுப் பெருத்திருக்கிறது. யார் சமையலை யார் சாப்பிட்டார்கள் என்று நான் கேட்கவில்லை. உங்கள் இருவர் சுகமும் எழுது.

முனியம்மாள் அந்தப் போட்டோவை மூக்கில் ஒட்டி வைத்துப் பார்த்தாள். "தலைகீழா இருக்கும்போது எவளாவது இப்படிச் சிரிப்பாளா?" என்றாள். அதற்கப்புறம் ஏரியில் வேலையே ஓடவில்லை, பதினெட்டுப் பேருக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. சீனப் பொம்பளை சண்டை போட்ட இடம் வந்தால் மறுபடி சொல்லு, மறுபடி சொல்லு என்கிறார்கள். கலைவாணி டீச்சர் பொன்னேரியிலிருந்து தினமும் போன் செய்கிறார். இப்போது சட்டம் சொல்வதில்லை. அடுத்து எந்த ஊரில் இதைவிட உயரமான வண்டி இருக்கிறது என்று பேத்தி வயசுப் பிள்ளை மாதிரி சொல்கிறார்.

சுரேஷ் விஷயம். வேண்டுமென்றுதான் விட்டேன். அது கத்திப் படிக்கிற விஷயம் இல்லை. இதை அண்ணியிடம் கொடுக்காமல் நீயே படி.

இறங்கினதும் டீச்சரும் திவ்யாவும் குளிர்பானம் குடிக்கப் போனார்கள். பக்கத்தில் சின்னப் பிள்ளைகள் போகிற படகு விளையாட்டு ஒன்று இருந்தது. "அதுக்குப் போறேன்டா, நீ போய் அவங்க கூட இரு" என்றேன். அதற்கும் தனி வழி உண்டு. ஆனால் அவன் மஞ்சள் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, என் பின்னால் சாதா வரிசையில் வந்து நின்றான். எண்பது நிமிஷம் என்று பலகை சொன்னது.

முதல் பத்து நிமிஷம் இரண்டு பேரும் கூரையைப் பார்த்தோம்.

அப்புறம், "நீ அத்தை முன்னாடி சத்தமா பேசுவே, எல்லாரும் திரும்பிப் பாப்பாங்கன்னு நினைச்சேம்மா"ன்னான்.

"பேசினேன். பாத்தாங்க. அத்தை என்னைவிட சத்தமா கத்தினாங்க."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு கண்ணைத் துடைத்தான், இரண்டும் ஒன்றுதான் என்று நான் விட்டுவிட்டேன். அப்புறம் பேச ஆரம்பித்தான் பார். எட்டு வருஷமாக எங்களுக்குள் போனில் "சாப்டியா", "சாப்டேன்" என்று இரண்டே வார்த்தைதான். அந்த "சாப்டேன்" முதல் வருஷம் முழுக்கப் பொய்யாம். பன்னிரண்டு பேர் படுக்கிற அறையில் வெறும் சோறும் ஊறுகாயும். ஒரு தடவை கப்பலின் வயிற்றுக்குள் வெல்டிங் புகையில் மயங்கி விழுந்தது, ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்தது. நைனாவுக்குச் சொல்லாதே என்றான். நானும் என் முட்டி, எனக்கு ஏரிக் குளிர் தாங்காமல் போவது, அவன் கல்யாணத்தில் எனக்கு மேடைக்குக் கீழே நாற்காலி போட்டது, எல்லாம் சொன்னேன். அவனுக்கு அது தெரியவே தெரியாதாம். பக்கத்தில் நின்றவர்களுக்குத் தமிழ் தெரியாதது நல்லதாகப் போயிற்று.

எங்கள் முறை வந்துவிட்டது. படகில் உட்கார்ந்தோம். முழங்கால் தண்ணீர். துடுப்பு இல்லை, இன்ஜின் இல்லை, மீன் இல்லை. கம்பியில் கட்டின படகு, அதுவாக ஒரு சுற்றுச் சுற்றி, அதுவாக நிற்கிறது. வீட்டு வாசலில் ஏரியை வைத்துக்கொண்டு, அம்மாவும் பிள்ளையும் இதற்கா எண்பது நிமிஷம் நின்றோம் என்று எனக்கு அடக்க முடியாத சிரிப்பு.

இறங்கினோம். சுரேஷ் என் கையை விடவில்லை.

"இன்னொரு தடவை போலாமாம்மா?"ன்னான்.

"இந்தப் படகுக்கா?"

"வரிசைக்கு."

போய்க் கடைசியில் நின்றோம்.

உன் அன்புத் தங்கை,
தேவகி